டி.சி. இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா மகனோடு வந்திருந்தார். பையனுக்குப் பதினொரு வயது. நாலு வருஷமாக, வழக்கமான பள்ளி முறையிலிருந்து விலகி நடக்கும் ஒரு மாற்றுப் பள்ளியில் படித்தவன். அப்பாவுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலை. வீட்டு முற்றத்தை அளந்து, எத்தனை கல் வேண்டும், உடைசலுக்கு எத்தனை கூட வேண்டும் என்று பையன் கணக்குப் போட்ட நோட்டைக் காட்டினான். கணக்கில் தப்பே இல்லை. இவனை இரண்டு பள்ளிகள் ‘டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லை, எமிஸ் நம்பர் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்) இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. இன்னொன்று, மூன்றாம் வகுப்பில் வேண்டுமானால் உட்காரட்டும் என்றதாம்.

மூன்றுமே சட்டத்துக்கு விரோதம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பாடத்தில் பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி பிள்ளையின் உரிமை. டி.சி. தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. அது 14ஆம் பிரிவு. டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இவ்வளவு இருந்தும் அலைய விடுகிறார்கள். காரணம், எல்லாம் வாய்வார்த்தை. ‘மேலே கேட்டுட்டு வாங்கம்மா’ என்பார்கள். அங்கே போனால் ‘ஸ்கூல்லயே பாத்துக்குவாங்க’ என்பார்கள். தினக்கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை சிவகங்கைக்குப் பஸ் ஏறுவது? மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். பிரிவு எண்களைக் குறிப்பிடுங்கள். ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘முடியாதுன்னா அதையே எழுதிக் குடுங்க சார்’ என்று தணிவாகக் கேளுங்கள். எழுதித் தர யாரும் முன்வர மாட்டார்கள்; பேச்சு அங்கேயே மாறும். அப்படியும் நடக்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் பேசுங்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

எமிஸ் நம்பர் பெரிய இழுவை. பிள்ளை முன்பு ஏதாவது நர்சரி பள்ளியில் படித்திருந்தால் நம்பர் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்படி அவர்கள் அதை எமிஸ் தளத்தின் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று பிடித்து வைப்பார்கள், அதற்கும் மனுதான். நம்பரே கிடையாது என்றால் புதிதாக உருவாக்குவது சேர்க்கிற பள்ளியின் வேலை, அம்மாவின் வேலை இல்லை.

இதைவிடப் பெரிய பள்ளம் ஆறாம் வகுப்பில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, கல்லூரியில் படிக்கும்போது புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் எல்லாமே ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைப் பார்த்துத்தான். ஏழாம் வகுப்பை மாற்றுப் பள்ளியில் முடித்துவிட்டு எட்டில் அரசுப் பள்ளிக்கு வந்தால், பிறகு எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இந்த வாசல்கள் அடைபட்டுவிடும். மாற்றுப் பள்ளிகள் இதைச் சொல்வதில்லை. அந்தப் பள்ளிகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த நோட்டே சாட்சி. ஆனால் கூலி வேலைக் குடும்பத்திடம் இதை மறைப்பது நியாயமில்லை. ‘சிபிஎஸ்இ பாடம்தான் நடத்துறோம்’ என்றால் அது அங்கீகாரம் ஆகிவிடாது. அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதில் நுழைய அதைக் காட்ட முடியாது. அப்போது வழி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான்; தேதி தவறினால் அடுத்த தேர்வு வரை பிள்ளை வீட்டில் இருக்க நேரும். விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று அங்கேயே, கணினித் திரையிலேயே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.