குளிரில் இறுகும் எஞ்சின்

கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மகனுக்காக வாங்கிய நைட்ரோ ட்ரக்கை (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய ரிமோட் கண்ட்ரோல் வண்டி) அக்டோபர் மாத இறுதியில் வீட்டின் பின்புறம் வைத்து முதன்முதலாக இயக்க முயன்றபோது, ஸ்டார்ட்டர் கயிறு பாதியிலேயே நின்றுவிட்டதாம். எஞ்சின் தண்டோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலை விரலால் திருப்பினால் பிஸ்டன் மேலே போய் 'கீச்' என்ற ஒலியுடன் சிக்கிக்கொள்கிறதாம். அன்றைய வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ். எஞ்சின் பழுதா, கடைக்குத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்கிறார். முதலில் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். உள்ளே எரிபொருள் தேங்கியிருந்தால் அது வெளியே வந்து எஞ்சின் எளிதாகச் சுழலும். பிளக் இல்லாமலும் உச்சியில் அதே இடத்தில் இறுகினால் பழுது ஏதும் இல்லை; புது எஞ்சின் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த எஞ்சின்கள் இரண்டு ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதனுடன் 10 முதல் 30 சதவீதம் வரை நைட்ரோமீத்தேனும், உராய்வைக் குறைக்க எண்ணெயும் கலந்திருக்கும். தீப்பொறிக்குப் பதிலாக குளோ பிளக்கில் பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் உண்டு. தொடக்கத்தில் பேட்டரியால் அதைச் சிவக்க வைத்தால் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் எரிதலின் வெப்பமும் பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் நிகழ்த்தும் வேதிவினையும் சேர்ந்து சுருளை அணையவிடாமல் காக்கின்றன. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-இல் இந்த பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

நாம் நின்று பார்க்க வேண்டியது பிஸ்டனும் அது ஏறி இறங்கும் குழாயான ஸ்லீவும்தான். மோட்டார் சைக்கிளின் பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருக்கும். அவையே சிலிண்டர் சுவரோடு ஒட்டி வாயு கசியாமல் தடுக்கும். இந்தச் சிறிய எஞ்சினில் வளையமே கிடையாது. அலுமினியப் பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், அதன் உட்புறத்தில் கடினமான குரோம் பூச்சு என்று அமைந்த இதை, மூன்று உலோகங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏபிசி' என்பார்கள். வெறும் உலோகமும் உலோகமும் வாயுவை அடைக்க வேண்டுமென்றால் இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் நகராது. இந்த முரணை ஸ்லீவின் வடிவத்தாலேயே தீர்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எத்தனை முறை எண்ணினாலும் அலுக்காத செய்தி.

ஸ்லீவ் நேரான குழாய்போலத் தோன்றினாலும் உண்மையில் அது மேலே சற்றே குறுகும் கூம்பு. எஞ்சின் ஓடும்போது எரிதல் நடப்பது ஸ்லீவின் உச்சியில். அடிப்பகுதியையோ உள்ளே வரும் புதிய எரிபொருள் ஓயாமல் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உச்சி அதிகமாகவும் அடி குறைவாகவும் விரிகின்றன. உலோகத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள துளை சுருங்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. துளையும் சேர்ந்தே விரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர், இரும்பு வளையத்தை வறட்டி நெருப்பில் சூடாக்கி, அது விரிந்த நிலையில் மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவது இதே நியதியால்தான். 16.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பித்தளைக் குழாயை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் கூடும். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. இந்த மெல்லிய விரிவால் கூம்பு நேராகிறது. அதாவது எஞ்சின் தன் சரியான வடிவத்தை அடைவதே சூட்டில்தான்.

பிஸ்டன் ஸ்லீவைவிடச் சூடாகுமே, அதுவும் விரியாதா என்று கேட்கலாம். சாதாரண அலுமினியம் பித்தளையைவிட அதிகமாக விரியும் என்பது உண்மை. அதனால்தான் பிஸ்டனுக்குரிய அலுமினியத்தில் சிலிக்கனை மிகுதியாகக் கலந்து, அதன் விரிவைப் பித்தளையின் அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இறக்கிவிடுகிறார்கள். பள்ளியில் குண்டும் வளையமும் சோதனையைப் படிக்காதவர் நம்மில் குறைவு. கையால் செய்து பார்த்தவர் அதைவிடக் குறைவு. ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் அந்தக் குண்டையும் வளையத்தையும் ஒவ்வொரு மாணவரின் கையிலும் கொடுப்பதற்குக் கல்வி நிதியில் ஒரு சிறு பங்கு கட்டாயம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிக் குளிருக்கு வருவோம். புது எஞ்சினைப் பழக்குவது என்றால், பிஸ்டனின் மேற்பரப்பில் கடைசல் விட்டுச்சென்ற நுண்ணிய மேடுகள் தேய்ந்து, ஸ்லீவின் வடிவத்துக்கு அது ஒத்துப்போவதாகும். எந்த வெப்பநிலையில் ஓட வேண்டுமோ அந்த வெப்பநிலையில் இது நடக்க வேண்டும். குளிர்ந்த ஸ்லீவுக்குள் ஓட்டினால், குறுகியே இருக்கும் கூம்புக்கு ஏற்பப் பிஸ்டன் தேய்ந்துவிடும். பிறகு சூடேறி ஸ்லீவ் விரியும்போது பிஸ்டன் தளர்ந்து அமுக்கம் குறையும். அதோடு ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை அந்த இறுக்கத்திலிருந்து பிடுங்கி இழுக்கும் சுமை, பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் விழுகிறது. முழு வேகத்தில் இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளையும் தாண்டும். நொடிக்கு 500 இழுப்புகள்.

அப்படியிருந்தும், புது எஞ்சினை எரிபொருள் மிகுந்த கலவையில் ஐடிலிங்கிலேயே (மிகக் குறைந்த வேகத்திலேயே) பல டேங்குகள் ஓடவிட வேண்டும் என்ற வழக்கம் இன்றும் பலரிடம் இருக்கிறது. எஃகு ஸ்லீவுக்குள் இரும்புப் பிஸ்டன் ஓடிய பழைய எஞ்சின்களில் கூம்பின் இறுக்கம் இல்லாததால் அந்த வழக்கத்துக்குக் காரணம் இருந்தது. எஞ்சினின் உலோகம் மாறியபின்னும் சடங்கு மாறவில்லை. கோடையில் அதனால் விளையும் கேடு குறைவு, 3 டிகிரியில் மிக அதிகம்.

ஏனெனில் மெத்தனால் ஆவியாகும்போது பெரும் வெப்பத்தை உறிஞ்சும். ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைப்போல இரு மடங்குக்கும் மேலான மெத்தனால் தேவைப்படுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தக் குளிர்விப்பு பெட்ரோலைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. வெளியே குளிர்காற்று எஞ்சின் தலையில் சூட்டை வெளியேற்றும் தகடுகளான துடுப்புகளின் சூட்டைப் பறிக்க, உள்ளே மிகுதியான மெத்தனாலும் பறிக்க, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஸ்லீவ் போதிய அளவு விரிவதே இல்லை. அப்படியானால் கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகான நீடிலைத் திருகி எரிபொருளைக் குறைத்துச் சூட்டை ஏற்றலாமே என்று தோன்றும். அதில்தான் ஆபத்து இருக்கிறது. 0 டிகிரியில் காற்று 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அடர்த்தி மிக்கது. ஆகவே கலவை தானாகவே எரிபொருள் குறைந்த பக்கம் சாய்ந்திருக்கும். மேலும் எஞ்சினுக்கு எண்ணெய் வருவது எரிபொருளோடுதான். எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும். ஆகவே நீடிலைச் சற்றுத் திறந்தே வைத்துவிட்டு, சூட்டை வெளியிலிருந்து காக்க வேண்டும்.

எரிபொருள் பாட்டிலை அறை வெப்பத்தில் வைத்திருந்து எடுத்துச் செல்லுங்கள். 11 டிகிரிக்குக் கீழே மெத்தனாலிலிருந்து எளிதில் பற்றும் அளவுக்கு ஆவி எழாது. அதற்காகப் பாட்டிலை ஹீட்டரின் மேல் வைத்துவிடக் கூடாது, மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரிபொருளைத் தள்ளி வைத்துவிட்டு, ஹேர் டிரையரால் எஞ்சின் தலைப்பகுதியைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கிய பின் ஃப்ளைவீலைத் திருப்பினால், முன்பு சிக்கிய இடத்தை அது மெல்லிய தடையோடு கடந்து போவதை விரலே உணரும். பிறகு துடுப்புகளைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி, கார்புரேட்டரின் வாயை மட்டும் மறைக்காமல் விட்டு, உடனே ஸ்டார்ட் செய்யுங்கள். வெளியே குளிர்கிறது என்று கராஜுக்குள் ஓட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

இன்ஃப்ராரெட் வெப்பமானி பிளக்கின் அருகே ஏறத்தாழ 95 முதல் 105 டிகிரி காட்ட வேண்டும். மேலே போனால் தாளைச் சற்று உரித்துவிடலாம். திராட்டிலைக் கொஞ்சம் கொடுத்தும் விட்டும் சில நிமிடங்கள் ஓட்டியபின் எஞ்சினை நிறுத்தி, உடனடியாக ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். உச்சியில் விட்டால் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் கீழே இருக்கும் நிலையை ஃப்ளைவீலில் மார்க்கரால் ஒரு கோடிட்டு வைத்துக்கொண்டால் தேட வேண்டியதில்லை. முழுதும் ஆறியபின் மறுபடி சூடாக்குவதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிச் சில முறை சூடேறி ஆறியபின், குளிர்ந்த எஞ்சினின் அந்தக் 'கீச்' ஒலி மெலிந்திருக்கும், ஆனால் மறைந்திருக்காது. அது அறவே மறைவது பல காலம் ஓடித் தேய்ந்த எஞ்சினில்தான். அப்போது பிஸ்டனையும் ஸ்லீவையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.