அகதி: சொல்லும் அதில் ஒட்டிய பழியும்

அகதி. பெயர்ச்சொல். வாழ்ந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து வந்து, வீட்டையும் காணியையும் விட்டுப் புகலிடம் தேடிப் போனவர். பன்மையில் அகதிகள். அகதி முகாம், அகதி வாழ்க்கை என்று அடையாகவும் வரும். வடசொல். இதற்கு நேர்த் தமிழாக இன்று பலரும் எழுதுவது ஏதிலி. அது நேர்தானா என்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்காக அகராதியைப் புரட்டியவர் யாரும் இருக்கமாட்டார்கள். 1958 இலும் 1983 இலும் கொழும்பு முகாம்களில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியவர்களோடு அது எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வேறு அகதி முகாம்களில் பிறந்தார்கள். ஆனால் பழகிய சொல்லை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. எங்கோ ஒரு வட்டாரத்தில் போர் மூண்டால், "யார் தொடங்கியது, யாரில் பிழை" என்று மறுநாளே தீர்ப்பு எழுதத் தொடங்குகிறோம். தீர்ப்பின் ஓரத்தில் ஒரு வரியாக அகதிகள் வந்துபோகிறார்கள்.

வடமொழியில் கம் என்ற வேருக்குச் செல்லுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது கதி. போக்கு, வழி, போய்ச் சேருமிடம், நிலை எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழில் அது நன்றாக வேரூன்றிவிட்டது: என் கதி என்ன, நீயே கதி, அதோகதி. முன்னால் எதிர்மறை அகரம் சேர்ந்தால் அகதி. போகும் வழி இல்லாதவர், போய்ச் சேர இடம் இல்லாதவர். நிர்க்கதி இதன் உடன்பிறப்பு. வெள்ளம் வந்தாலும் சூறாவளி வந்தாலும் எங்கள் பத்திரிகைகளில் மக்கள் "நிர்க்கதிக்குள்ளாகிறார்கள்". சரணாகதியை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது சரண + ஆகதி. ஆகதி என்றால் வந்தடைதல். ஒரு நெடிலில் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

அயல்மொழிகள் எடுத்த சொற்களைப் பார்த்தால் தமிழின் தேர்வு விளங்கும். சிங்களத்தில் சரணாகதயா, சரண் புகுந்தவர். ஹிந்தியில் சரணார்த்தி, சரணை நாடுபவர். மலையாளத்தில் அபயார்த்தி, அபயம் கேட்பவர். ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து போனது. 1685 இல் பதினான்காம் லூயி மன்னன் புரொட்டஸ்தாந்தினருக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியபோது இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர்களோடு அது அங்கே நிலைத்தது. அதற்குள்ளும் புகலிடம் என்ற பொருள்தான் இருக்கிறது. இவை எல்லாம் அந்த மனிதர் எங்கே போகிறார் என்பதைச் சொல்கின்றன. தமிழ் மட்டும், கன்னடத்தின் நிராஸ்ரிதவைப் போல, அவரிடம் இல்லாததைச் சொல்லி நின்றுவிடுகிறது.

பழைய தமிழில் அகதிக்கும் போருக்கும் தொடர்பு கிடையாது. "அகதி பெறுவது பெண்பிள்ளை, அதுவும் வெள்ளி பூராடம்" என்றொரு பழமொழி உண்டு. ஏழைக்குப் பிறப்பது பெண்ணாம், அதுவும் ஆகாத நாளிலாம். அந்தக் காலத்துப் புத்தி அது, அதை விட்டுவிடுவோம். இங்கே கவனிக்க வேண்டியது, அகதி என்பவர் விதியால் நொந்த வறியவர் என்பது. யாரும் அவரைத் துரத்தவில்லை. அவருடைய தலையெழுத்து அப்படி. இருபதாம் நூற்றாண்டில் இதே சொல்லை எடுத்துப் போரால் துரத்தப்பட்டவர் மேல் போட்டபோது, அந்தத் தலையெழுத்தும் கூடவே வந்துவிட்டது. துரத்தியவருக்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

சட்டம் வேறு கணக்குப் பார்க்கிறது. 1951 ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், குறித்த ஒரு சமூகக் குழுவில் உறுப்புரிமை, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பேரில் துன்புறுத்தப்படலாம் என்ற தகுந்த அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. எல்லையைத் தாண்ட வேண்டும். போர் மூண்டது என்பது மட்டும் அந்த ஐந்தில் இல்லை. 1969 இல் ஆபிரிக்க நாடுகள் தங்கள் உடன்படிக்கையில் போரையும் காரணமாகச் சேர்த்துக்கொண்டன. இலங்கையும் இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. ஆகவே படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிந்தவரும், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரியில் பாடசாலை விறாந்தையில் படுத்தவரும் எங்கள் பேச்சில் ஒரே அகதிதான். சட்டத்தில் இருவரும் வேறு. இரண்டாமவருக்கு உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்று பெயர். அவருக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 1998 இல்தான் வந்தன.

அந்த நாவற்குழிப் பாலத்தில் சற்று நிற்க வேண்டும். 1995 ஒக்டோபர் 17 இல் இராணுவம் "ரிவிரச" என்ற நடவடிக்கையைத் தொடங்கி யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துக்குள் இறங்கியது. ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. பின்னேரம் தொடங்கிய சனம், இலட்சக்கணக்கில், செம்மணி வழியாகவும் கோப்பாய் வழியாகவும் கிழக்கே சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்குப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குப் பத்து மைல். ஆறுதலாகச் சைக்கிள் மிதித்தாலும் ஒன்றரை மணித்தியாலம் போதும். அன்றைக்கு விடியும்வரை நடந்தும் பலர் பாலத்தைக் காணவில்லை. மழை வேறு. சைக்கிள் பாரில் பிள்ளை, கரியரில் அரிசிப் பையும் ஆச்சியின் உடுப்பு மூட்டையும், ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தல். சைக்கிளை உருட்டத்தான் முடியும், ஏற முடியாது. நடக்க முடியாத முதியவர்கள் சிலர் வீட்டிலேயே விடப்பட்டார்கள்.

அடுத்த கிழமை பழி எங்கே போய் விழுந்தது? மக்களைக் கட்டாயமாகக் கொண்டுபோனார்கள் என்றது அரசாங்கம். இராணுவத்துக்கு அஞ்சித்தான் மக்கள் போனார்கள் என்றது மறுதரப்பு. வீதியில் நின்றவர்களுக்குப் பின்னால் ஷெல்லும் கேட்டது, பக்கத்தில் ஒலிபெருக்கியும் கேட்டது. அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்திடம் போனபோது பெரும்பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வன்னிக்குப் போனார்கள். பிறகு பல ஆண்டுகளாகத் திரும்பியவர் ஏன் திரும்பினார் என்றும், போனவர் ஏன் போனார் என்றும் ஒருவரையொருவர் குடைந்துகொண்டிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்தப் பெயர்வுக்கு முன்னரே, 1995 யூலை 9 இல், நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் விமானக் குண்டு விழுந்தது. இராணுவ முன்னேற்றத்துக்கு அஞ்சி அங்கே தஞ்சமடைந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செஞ்சிலுவைக் குழு அதை வெளியே சொன்னதும் அரசாங்கத்தின் சினம் செஞ்சிலுவைக் குழுவின் மேல் திரும்பியது. செத்தவர்கள் அகதிகள், குண்டு யாருடையது என்பது விவாதப் பொருள், சொன்னவன் குற்றவாளி.

அலுவலகத் தமிழுக்கு அகதி என்ற சொல் அவ்வளவாகப் பிடிக்காது. முகாமுக்கு அது வைத்த பெயர் நலன்புரி நிலையம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் மல்லாகம் கோணப்புலம் போன்ற இடங்களில் தறப்பாளும் ஓலையும் போட்ட கொட்டில்களில் இருந்தார்கள். கிராம அலுவலரான விதானையாரிடம் பதிந்து, நிவாரண அட்டையோடு சங்கக்கடையில் வரிசையில் நின்றார்கள். கடிதத் தலைப்பில் நலன், அட்டையில் கிலோக் கணக்கு. 2009 இல் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோரை அடைத்து வைத்தபோது அது நலன்புரிக் கிராமமாகியது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்லெண்ணம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே இருப்பவருடைய குடியுரிமை நிலையைப் பெயர்ப்பலகை மாற்றவில்லை.

இனி ஏதிலி. சங்க இலக்கியத்திலும் குறளிலும் ஏதிலார் தாராளமாக வருகிறார்கள். அயலார், தொடர்பில்லாதவர், சில இடங்களில் பகைவர். "ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல்" என்ற குறளில் காதலர்கள் முன்பின் அறியாதவர்களைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். "ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்" என்பதில் பேதையின் செல்வத்தை ஊரார் தின்ன உறவினர் பட்டினி கிடக்கிறார்கள். இங்கே ஏதிலாருக்கு எதிர்ச்சொல் தமர். அப்படியென்றால் ஏதிலி என்பது நம்முடையவர் அல்லாதவர். இடம் கொடுப்பவர் வாசலில் நின்று பார்த்துச் சொல்லும் சொல் அது. 1995 இல் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் கதவைத் தட்டியவர்கள் பலர் மச்சான், சின்னம்மா, சித்தப்பாவின் சம்பந்தி. ஒரு வீட்டில் எட்டுக் குடும்பம் இருந்தது. அவர்களை ஏதிலியர் என்று எழுத எனக்குக் கை வராது. அங்கேயும் "வந்தான் வரத்தான்" என்ற பேச்சு கிணற்றடியில் எழாமல் இல்லை. தண்ணீர் வற்ற வற்ற உறவும் ஏதிலாகும். அந்தப் பேச்சைக் குறிப்பதற்கு வேண்டுமானால் ஏதிலி பொருத்தம்.

வள்ளுவர் இந்தச் சொல்லைப் பழியோடு சேர்த்தும் வைத்திருக்கிறார். "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு." புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள், 190. அயலான் குற்றம் நமக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

அகதிக்கு நேர்த் தமிழ் வேண்டுமென்றால் அது வீட்டிலேயே இருக்கிறது: போக்கிடம் இல்லாதவர். கதி என்றால் போக்கு. போக்கிடம் அற்றவர் என்றால் எழுத்துக்கு எழுத்து அகதி. தலைப்பில் எழுத நீளம் கூடியது என்று ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். சுருக்கிப் போக்கற்றவர் என்றால் அது வசையாகிவிடும். புகலி என்று ஆக்கலாமென்றால் அது சீர்காழியின் பழைய பெயர்களில் ஒன்று. ஆகவே அகதி இருந்துவிட்டுப் போகட்டும். எத்தனையோ வடசொற்களோடு இதையும் தாங்கத் தமிழுக்குத் தோள் உண்டு.

என் வழக்கு இடம்பெயர்ந்தோர் என்ற சொல்லோடுதான். தூய தமிழ், மரியாதையானது, அதனாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பெயர்தல் தன்வினை. பல் பெயரும், காரை பெயரும், தானாக. பிறர் செய்தால் பெயர்த்தல். இடம்பெயர்ந்தோர் என்றதும் வாக்கியத்திலிருந்து ஓர் ஆள் நழுவிவிடுகிறார், பெயர்த்தவர். காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் நிலத்தை விட்டுப் பல ஆண்டுகள் வேறிடத்தில் இயங்கியது. இப்படிப்பட்டவற்றை "இடம்பெயர்ந்த பாடசாலைகள்" என்றுதான் எழுதினார்கள், கட்டடத்துக்குக் கால் முளைத்ததைப் போல.

இதன் உறவான புலம்பெயர் இன்னும் பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் "மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள்" கலந்து இனிது உறைவதைப் பாடுகிறது. அவர்கள் பொருள் தேடி விரும்பி வந்தவர்கள். தன்வினை அவர்களுக்குச் சரி. எங்கள் வழக்கில் ஜெர்மனியிலும் கனடாவிலும் விசா கிடைக்கும்வரை ஒருவர் அகதி, காசு அனுப்பத் தொடங்கியதும் புலம்பெயர் உறவு.

பெயர்த்தவரை ஒளிக்காத சொல் எங்களிடம் இருக்கிறது. அதைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபர் 30 இல், வலிகாமப் பெயர்வுக்குச் சரியாக ஐந்து ஆண்டு முன்னர், யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு புலிகள் கட்டளையிட்டார்கள். சோனகதெரு வெறுமையாகியது. பெரும்பாலானோர் புத்தளத்தில் கொட்டில் போட்டார்கள். அவர்கள் தங்களை வெளியேற்றப்பட்டோர் என்றே எழுதுகிறார்கள். நாங்கள் எங்கள் கட்டுரைகளில் நீண்ட காலம் "முஸ்லிம்களின் இடப்பெயர்வு" என்று எழுதினோம். எங்களை இராணுவம் துரத்தியபோது பிறவினை, நாங்கள் இன்னொருவரைத் துரத்தியபோது தன்வினை. குறள் 190 க்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது.

வெளியூர்ப் போர்ச் செய்தியை எழுதும்போதும் இதே இலக்கணம்தான் வேலை செய்கிறது. 2023 ஒக்டோபர் 13 இல் வடக்குக் காசாவின் சுமார் 11 இலட்சம் பேரை 24 மணித்தியாலத்துக்குள் தெற்கே போகும்படி இஸ்ரேல் உத்தரவிட்டது. இதை "11 இலட்சம் பேர் இடம்பெயர்வு" என்று சுருக்கினால் உத்தரவு மறைந்துவிடும். மறைந்ததும், "அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்" என்ற கேள்வி எழும், அதுவும் ஒக்டோபர் 30 ஐ நடந்து கடந்த ஊரில். அதற்கு முந்திய கிழமை, ஒக்டோபர் 7 இல், ஹமாஸ் பொதுமக்களைக் கொன்றதையும் கடத்தியதையும் "உயிரிழந்தனர், காணாமற்போயினர்" என்று எழுதினால் அதுவும் அதே தன்வினைச் சூழ்ச்சிதான்.

எழுதுபவர்களுக்கு: குண்டு விழுந்த முதல் மணித்தியாலத்தில், யார் போட்டது என்று உறுதியாகத் தெரியாதபோது, இடம்பெயர்ந்தனர் என்பது நேர்மையான சொல். தெரிந்த பிறகு எழுவாயைப் போட்டு வெளியேற்றினர், துரத்தினர், அகதிகளாக்கினர் என்று எழுதலாம். எல்லை தாண்டாதவரைச் சட்டக் கட்டுரையில் அகதி என்று எழுதக் கூடாது. கதையிலும் கவிதையிலும் தடையில்லை. ஏதிலி என்றே எழுத விரும்புபவர்கள் பன்மையில் ஏதிலியர் என்க. ஏதிலார் என்று எழுதினால் அது அவர்களைக் குறிக்காது, அயலாரையே குறிக்கும்.