கேரளக் கல்லூரி ஆசிரியைகளுக்குச் சேலை கட்டாயமா?

கட்டாயமில்லை. கேரள உயர்கல்வித் துறை 2014 மே மாதமே ஒரு சுற்றறிக்கையில் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் பல கல்லூரிகளில் நிர்வாகம் சொன்னதே சட்டமாக இருந்ததால், 2021 நவம்பரில் அதையே மீண்டும் உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. சேலை உடுத்தினால்தான் வேலை என்று ஓர் ஆசிரியையிடம் கூறப்பட்டதாக எழுந்த புகாரே அதற்கு உடனடிக் காரணம்.

உத்தரவின் சாரம் எளிமையானது. எந்த நிறுவனத்தில் பணியாற்றினாலும் தமக்கு வசதியான ஆடையை ஆசிரியர் அணியலாம். சேலையைத் திணிக்கக் கூடாது. அப்போதைய உயர்கல்வி அமைச்சர் ஆர். பிந்து, திருச்சூர் கேரளவர்மா கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். அங்கே தாம் வழக்கமாகச் சுடிதார் அணிந்துதான் பாடம் நடத்தியதாகவும் அவர் கூறினார்.

உரிமை இருந்தும் பலர் ஏன் சேலையிலேயே வருகிறார்கள்? பிடித்து உடுத்துபவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சில்லை. படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வரும் இளம் ஆசிரியையிடம், “சுடிதாரில் வந்தால் மாணவி என்று நினைத்துவிடுவார்கள்” என்பார்கள். ஒப்பந்தப் பணியில் இருப்பவருக்கோ அடுத்த ஆண்டு நீட்டிப்பு கிடைக்குமா என்ற கவலை. காலை நெரிசலில் பஸ் ஏறி, கொசுவம் கலையாமல், தோளில் குத்திய ஊக்கு தெறிக்காமல் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர்வது எத்தனை பாடு என்பது விதி வகுக்கும் ஆண்களுக்குத் தெரியாது.

எல்லா மாநிலங்களும் இதே பக்கம் நிற்கவில்லை. மகாராஷ்டிரா 2024 மார்ச்சில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட் வேண்டாம் என்றது. பெண்கள் சேலை அல்லது துப்பட்டாவுடன் சுடிதார், ஆண்கள் சட்டையை உள்ளே செருகிய பேன்ட். அசாமும் 2023 மே மாதம் ஜீன்ஸ், டி-ஷர்ட், லெக்கிங்ஸுக்குத் தடை போட்டது. ஆனால், இந்தக் கெடுபிடியான பட்டியல்களில்கூடச் சேலை மட்டும்தான் என்ற பேச்சில்லை. கேரளத்துக் கல்லூரி நிர்வாகிகள் இதைக் கவனிக்கலாம்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: 2021 உத்தரவு உயர்கல்வித் துறையினுடையது. பள்ளிகள் பொதுக்கல்வித் துறையின் கீழ் வருவதால், அங்கே பணியாற்றுவோர் அந்தத் துறையின் விதிகளைத்தான் கேட்டறிய வேண்டும். கல்லூரியில் யாராவது வற்புறுத்தினால், அந்தக் கட்டளையை எழுத்தில் தருமாறு கேளுங்கள். கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் நடந்ததைத் தேதியுடன் எழுதியும், உத்தரவின் நகலோடு உயர்கல்வித் துறைக்கு மனு அனுப்பலாம்.