எலுமிச்சைக்குள் ஒரு பில்லர்

"மேல் மாடி பில்லர்தானே சார், சுமையே இல்லை. கம்பியைக் குறைச்சுக்கலாமா?" சைட்டில் மேஸ்திரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், பல கட்டடங்களில் மேல் தள பில்லர்தான் கூடுதல் கம்பி கேட்கும்.

காரணம், பில்லர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. மேலிருந்து அழுத்தும் சுமையைத் தாங்குகிறது. பீம் வழியாகவும் காற்று, நிலநடுக்கத்தாலும் வரும் வளைவிசையையும், அதாவது மொமென்ட்டையும் தாங்குகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும்.

300 மி.மீ. சதுர பில்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எம்25 தரக் கான்கிரீட், சுற்றிலும் எஃப்இ415 தரத்தில் 16 மி.மீ. கம்பி எட்டு, ஓரத்திலிருந்து கம்பியின் மையம் 56 மி.மீ. உள்ளே. கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐஎஸ் 456 படி, பாதுகாப்புக் காரணிகளையும் சேர்த்து நான் போட்ட கணக்கு: சுமையே இல்லாதபோது இது தாங்கும் மொமென்ட் சுமார் 59 கிலோநியூட்டன் மீட்டர். 400 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 டன் சுமையை ஏற்றினால் அது 73 ஆகக் கூடுகிறது! 1000 கிலோநியூட்டன் ஏற்றினால் 49 ஆக இறங்குகிறது.

சுமை ஏற்றினால் பலம் கூடுமா? கூடும். வெறும் செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் சரிந்துவிடும். மேலே ஒருவர் கையால் அழுத்திப் பிடித்தால் அவ்வளவு எளிதில் சரியாது. வளையும் பில்லரின் ஒரு பக்கம் விரிசல் விடப் பார்க்கும், சுமை அதை அழுத்தி மூடும். ஒரு அளவுக்கு மேல் கதை மாறுகிறது. சுமையைத் தாங்குவதிலேயே கான்கிரீட்டின் திராணி போய்விடுவதால், வளைவுக்கு மிச்சம் இருப்பது குறைவு.

எந்தச் சுமையில் எவ்வளவு மொமென்ட் தாங்கும் என்று காட்டும் வளைகோட்டைக் கம்ப்யூட்டர் எப்படி வரைகிறது? பில்லரின் குறுக்குவெட்டில் அழுத்தமும் இழுவையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு, அதாவது நடுநிலை அச்சு, இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அதிகம் நசுங்கும் ஓரத்தில் கான்கிரீட்டின் திரிபை, அதாவது நீளத்தில் எத்தனை பங்கு சுருங்குகிறது என்பதை, 0.0035 என்று வைக்கிறது. அதைத் தாண்டினால் உடைந்ததாக விதி சொல்கிறது. வெட்டுமுகம் வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் என்பதால், மற்ற எல்லா இடங்களின் திரிபும் நேர்கோட்டில் கிடைத்துவிடும்.

நம் பில்லரில் அச்சு சரியாக நடுவில், 150 மி.மீ.யில் இருக்கட்டும். கான்கிரீட் 405 கிலோநியூட்டன் தள்ளுகிறது. நசுங்கும் பக்கத்து மூன்று கம்பிகள் 195 தள்ளுகின்றன, எதிர்ப்பக்க மூன்றும் 202 இழுக்கின்றன. நடுவில் உள்ள இரண்டும் அச்சின் மேலேயே இருப்பதால் சும்மா நிற்கின்றன. கூட்டிக் கழித்தால் சுமை 398. ஒவ்வொரு விசையையும் மையத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் மொமென்ட் சுமார் 73. ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. அச்சை நகர்த்தினால் அடுத்த புள்ளி, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த அச்சைச் சாய்த்து, சுழற்ற வேண்டும். மொமென்ட் ஒரே திசையில் வருவதில்லையே. கட்டட வடிவமைப்புக்கான ஈடேப்ஸ் மென்பொருள் வழக்கமாக 15 டிகிரிக்கு ஒன்றாக 24 வளைகோடுகளும், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகளும் எடுக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மேற்பரப்பு வரும். எலுமிச்சம்பழத்தை நிமிர்த்தி வைத்தது போல: மேல் முனை வெறும் அழுத்தம், கீழ் முனை வெறும் இழுவை, பருத்த இடம் அந்த 400 பக்கம். 1980இல் வந்த எஸ்பி 16 என்ற வடிவமைப்புக் கையேட்டின் வரைபடங்களைப் புரட்டியவர்களுக்கு இதன் ஒரு துண்டு மட்டுமே தெரியும். இரு திசை வளைவுக்கு ஓர் அடுக்குக்குறிச் சூத்திரத்தால் ஒப்பேற்றினோம்.

பில்லரில் வரும் சுமையும் இரு மொமென்ட்டும் சேர்ந்து ஒரு புள்ளி. பழத்துக்குள் இருந்தால் சரி, தோலைத் தாண்டினால் திரையில் சிவப்பு. எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, மென்பொருள் சுமையும் மொமென்ட்டும் பூஜ்ஜியமான இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாகத் தோல்வரை கோடு இழுக்கும். புள்ளிவரை உள்ள தூரத்தைத் தோல்வரை உள்ள தூரத்தால் வகுத்தால் விகிதம். நம் பில்லரில் 1000 சுமையும் 40 மொமென்ட்டும் வந்தால் விகிதம் 0.93. சுமையை மாற்றாமல் மொமென்ட்டை மட்டும் ஏற்றிப் பார்த்தால் 0.82. இரண்டும் சரியான கணக்குதான், கேள்வி வேறு. இதைக் கவனிக்காமல் விகிதத்தை வைத்துச் சண்டை போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுமை குறைந்தால் ஆபத்து கூடலாம் என்பதற்காகத்தான் விதியிலேயே நிரந்தரச் சுமையை 0.9 ஆகக் குறைத்து, நிலநடுக்க விசையை 1.5 மடங்காக்கும் சுமைக் கூட்டு ஒன்று இருக்கிறது. மேஸ்திரியின் மேல் மாடி பில்லர் பெரும்பாலும் இந்த மாதிரிக் கூட்டில்தான் மாட்டுகிறது. அங்கே அழுத்திப் பிடிக்கச் சுமை இல்லை, கூரை பீமின் மொமென்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ள மேலே இன்னொரு பில்லரும் இல்லை.

சில சமயம் இந்த மேற்பரப்பை நாமே புள்ளி புள்ளியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கும் உள்வாங்கிய பள்ளம் இருக்கக் கூடாது. இருந்தால் மென்பொருள் பொதுவாக ஏற்காது. ஆனால் கூட்டல், கழித்தல் குறி மாறிப்போனால் அது கண்டுபிடிக்காது. ஒரு முறை நான் அழுத்தத்தை நேர்க்குறியில் போட்டேன். அந்த மென்பொருளுக்கு அழுத்தம் எதிர்க்குறி. பழம் தலைகீழாகிவிட்டது. கீழ்த்தள பில்லர் எல்லாம் சிவப்பு. அரை நாள் கம்பியைக் கூட்டிக்கொண்டே இருந்தேன், மறையவே இல்லை. கடைசியில் ஒரு பில்லரின் படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 800 கிலோநியூட்டன் அழுத்தத்தில் நிற்கும் பில்லரை அது இழுவையில் தொங்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தது.