ஸ்பிரிங் தளர்ந்த மடக்குக் கத்தியைப் பாக்கெட்டில் போடாதீர்கள்

போர்ட்லாந்து பக்கம் கத்தி பழுது பார்க்கிறவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. கெர்ஷா, பெஞ்ச்மேட், லெதர்மேன், கெர்பர் என்று அமெரிக்காவின் பெரிய கத்திக் கம்பெனிகள் பலவும் இந்த ஆரிகன் மாநிலத்தில்தான் இருக்கின்றன. என்னிடம் வருவதில் கணிசமானவை 'அசிஸ்டட் ஓப்பனிங்' மடக்குக் கத்திகள். பிளேடைக் கொஞ்சம் தள்ளினால் போதும், மீதியை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். கொண்டுவருகிறவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: முன்பு மாதிரி படக்கென்று திறப்பதில்லை.

திறக்காத கத்தியால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. மூடினால் மூடியபடி நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காரணம் இருக்கிறது. ஹவாயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கென் ஆனியன் 1990களின் கடைசியில் கெர்ஷாவுக்குக் கொடுத்த 'ஸ்பீட்சேஃப்' அமைப்பை எடுத்துக்கொள்வோம். பிடிக்குள் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. பெயர் டார்ஷன் பார், இதுதான் அந்த ஸ்பிரிங். ஒரு முனை பிடியில் சொருகியிருக்கும், மறுமுனை பிளேடின் அடிப்பகுதியில் வெட்டிய தடத்தில் ஓடும். கத்தி மூடியிருக்கும்போது இந்தக் கம்பி பிளேடை உள்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கிறது. நாம் விரலால் அந்தத் தடையைத் தாண்டிவிட்டால்தான் அதே கம்பி கட்சி மாறி வெளிப்பக்கம் தள்ளுகிறது. ஆக, திறக்க உதவுவதும் அதுதான், திறக்காமல் காப்பதும் அதுதான். சாதாரண மடக்குக் கத்தியில் பிளேடை உள்ளே பிடித்துவைக்கச் சின்னக் குண்டு ஒன்று இருக்கும். இந்த வகையில் பல மாடல்களில் அதுகூட இல்லை. கம்பி போனால் பிளேடு ஊஞ்சல்தான். குனிந்து நிமிரும்போது பாக்கெட்டுக்குள் கால் அங்குலம் வெளியே வந்து நிற்கும், உள்ளே கையை விட்டால் விரல் போய்விடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கத்தியை மூடி, பிளேடு வெளிவரும் பக்கம் கீழே இருக்குமாறு பிடியின் ஓரங்களை மட்டும் பிடித்து, மேசைமேல் மெல்ல உதறுங்கள். இன்னொரு கை கிட்டவே வரக்கூடாது. பிளேடு அசையாமல் இருந்தால் சரி. எட்டிப் பார்த்தால் அன்றோடு அதைப் பாக்கெட்டில் போடுவதை நிறுத்துங்கள். கெர்ஷா லீக் மாதிரி சில கத்திகளில் பிளேடு முனையைப் பூட்டும் சின்னத் தள்ளுபூட்டு உண்டு. சரிசெய்யும்வரை அதைப் போட்டே வையுங்கள்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டு, மந்தமாக மட்டும் திறக்கிறதென்றால் ஸ்பிரிங்மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ஜீன்ஸ் பாக்கெட் பஞ்சுதான் குற்றவாளி. பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து, பிளேடு சுழலும் அச்சான பிவட்டைச் சுற்றிக் கறுப்புப் பிசினாக அப்பியிருக்கும். வெந்நீர், பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ். நன்றாகக் காயவைத்து மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தாராளமாக ஊற்றினால் அடுத்த மாதப் பஞ்சுக்கு நீங்களே பசை தடவிக் கொடுத்தது மாதிரி. அப்புறம் பிவட் ஸ்க்ரூ. யாராவது ஆர்வத்தில் இறுக்கியிருப்பார்கள், அரைக்கால் சுற்று தளர்த்தினாலே கத்தி பழைய வேகத்துக்கு வந்துவிடுவது உண்டு.

நிஜமாகவே கம்பி போயிருந்தால் அது அநேகமாக ஒடிந்துதான் போயிருக்கும். முறுக்கி முறுக்கி விட்ட எஃகு அலுத்துப்போய், முனை வளைந்திருக்கும் அந்த மூலையில் முறிகிறது. வியர்வை உப்பால் அரித்த சின்னத் துருப்புள்ளி இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். பழைய கம்பியைக் குறடால் வளைத்து 'விறைப்பு ஏற்றி' மாட்டியவர்கள் உண்டு. அப்படி ஒரு கம்பியை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். குறடின் பல் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தது, அதில் ஒரு தடத்தின் மேலேயே விரிசல் ஓடியிருந்தது. ஒவ்வொரு கீறலும் அடுத்த முறிவுக்குப் போட்ட பிள்ளையார் சுழி.

புதுக் கம்பி அந்த மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும். நீளத்திலோ முனையின் வளைவிலோ சிறு வித்தியாசம் இருந்தாலும் தடத்தில் சரியாக உட்காராது. முதலில் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், சில கம்பெனிகள் கம்பியைத் தபாலிலேயே அனுப்பிவிடுகின்றன. சில கம்பெனிகளோ நீங்கள் கத்தியைப் பிரித்தாலே உத்தரவாதம் கிடையாது என்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு ஸ்க்ரூவில் கை வையுங்கள்.

நீங்களே மாற்றுவதானால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பிளேடின் கூர்ப்பக்கம் முழுக்க டேப் ஒட்டுங்கள். நல்ல டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூ தலைக்கான முனை) வாங்குங்கள், பெரும்பாலும் டி6, டி8 அளவுகள் போதும். மலிவு பிட் ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். ஸ்க்ரூ அசையவில்லையென்றால், அது தளராமலிருக்க லாக்டைட் என்ற பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் முனையைச் சில விநாடி தலையில் வைத்தால் இளகும். பிளேடு முழுக்கத் திறந்த நிலையில் கம்பியில் இறுக்கம் மிகக் குறைவு, ஆகவே பிரிப்பதும் பூட்டுவதும் அந்த நிலையில்தான். எஸ்.ஓ.ஜி. என்ற கம்பெனியின் கத்திகள் சிலவற்றில் இருப்பது சுருள் ஸ்பிரிங். அது தெறித்துப் பறக்கும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பிரியுங்கள், தரையில் தவழ்ந்து தேடும் வேலை மிச்சம். பூட்டி முடித்ததும் திறந்த பிளேடை லாக் முழுசாகப் பிடிக்கிறதா பாருங்கள், அதன் பிறகு அந்த உதறல் சோதனை மறுபடியும்.

'இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போட்டுத் தாருங்கள்' என்று கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் ஸ்விட்ச்பிளேடு கத்திகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கக் கூட்டரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2009இல் கொண்டுவந்த திருத்தம்தான் இந்தக் கத்திகளுக்கு விலக்கு கொடுக்கிறது. அதற்கு நிபந்தனை, பிளேடு மூடிய நிலையை நோக்கியே இழுபட வேண்டும், அந்த இழுப்பைக் கை விசையால் வென்றுதான் திறக்க வேண்டும். கம்பியை மாற்றியமைத்து அந்த இழுப்பைக் குலைத்துவிட்டால் விலக்கும் போச்சு. மாநிலச் சட்டங்கள் தனி, உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இருக்கும் வாசகர்களுக்கு நிலைமையே வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகையையும் ஃபிளிக் கத்தி (ஸ்விட்ச்பிளேடுக்கு அங்கே பெயர்) வரையறைக்குள் கொண்டுவந்தது. 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். அங்கிருந்து பழுதுபார்க்கச் சொல்லி எனக்குக் கத்தி அனுப்ப வேண்டாம்.