போர்ட்டிங் என்பதற்குத் தமிழ் என்ன?

கொழும்பு வெள்ளவத்தையில் நான் எடுக்கும் கணினி வகுப்புக்கு வந்த போட்டோகொப்பித் தாளில் இப்படி ஒரு வரி: "இந்த இலவச மென்பொருள் அன்ட்ரொய்டுக்குத் துறைமுகப்படுத்தப்பட்டுள்ளது." வாசித்த மாணவி, "சேர், இது ஹாபரில செய்யிற வேலையா?" என்று கேட்டார். பிள்ளையில் பிழை இல்லை. இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது நாலாவது தடவை.

துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' வந்தது இலத்தீன் 'போர்ட்டுஸ்' வழியாக. மென்பொருள்காரரின் 'போர்ட்' வந்ததோ 'போர்ட்டாரே' வழியாக, அதாவது சுமந்து செல்லுதல். கோட்டைப் புகையிரத நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் அந்தச் சொல்லின் வழி வந்தவர்தான். ஒரு வகைக் கணினிக்கு எழுதிய நிரலை இன்னொரு வகையிலும் ஓடும்படி திருத்தி எடுப்பதே போர்ட்டிங். யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) 1973இல், ஒரே வகைக் கணினியோடு கட்டுப்படாத சி நிரல் மொழியில் திரும்ப எழுதியதால்தான், 1977இல் அதை பிடிபி-11 வகைக் கணினியிலிருந்து இன்டர்டேட்டா கணினிக்குக் கொண்டுபோக முடிந்தது.

சிலர் 'இடம்பெயர்த்தல்' என்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இடம்பெயர்வது என்றால் இருந்த இடத்தை விட்டுவிட்டு வருவது. இந்த நாட்டுத் தமிழருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மென்பொருள் பழைய இடத்தை விடுவதில்லையே. லினக்ஸில் ஓடியது அங்கேயும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். தரவை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். 'மாற்றியமைத்தல்' பிழையில்லை, ஆனால் பட்டனின் நிறத்தை மாற்றினாலும் அதே சொல்தான். 'போர்ட்டபிள்' என்பதைக் 'கையடக்க' என்று போடுகிறார்கள். தொலைபேசிக்குச் சரி, அது கைக்குள் அடங்கும். பல தளங்களில் ஓடும் நிரலுக்கும் கைக்கும் என்ன தொடர்பு? அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுவதால் வரும் வினை இது. மொழிபெயர்ப்பவர் அந்த மென்பொருளை ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும்.

நான் எழுதுவது 'தளப்பெயர்ப்பு'. தொல்காப்பியத்திலேயே 'மொழிபெயர்த்து' என்று இருக்கிறது. மொழிபெயர்த்தால் மூலம் அழிவதில்லை, இங்கேயும் அப்படித்தான். 'தளம்' என்ற சொல் செயலி (புரொசெசர்), பணிசெயல் முறைமை இரண்டையும் தாங்கும்.

இதிலும் ஒரு குறை உண்டு. மொழிபெயர்த்த நூல் அச்சேறினால் வேலை முடிந்தது. தளப்பெயர்ப்பு முடியாது. மூல நிரல் மாறும், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மாறும், ஒவ்வொரு தடவையும் இதையும் திருத்த வேண்டும். சோதிக்கப் பழைய இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி என்ற பணிசெயல் முறைமைத் திட்டம் அப்படிப் பல வகைக் கணினிகளை ஓடவிட்டு, வருடத்துக்குச் சுமார் 20,000 டொலர் மின்கட்டணத்துக்கு வழியில்லாமல் 2014 தொடக்கத்தில் மூடும் நிலைக்கே வந்தது. நன்கொடைகள்தான் அதைக் காப்பாற்றின. அதே வருடம், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, உலகமே நம்பியிருந்த அதற்கு வருடத்தில் கிடைத்துவந்த நன்கொடை சுமார் 2,000 டொலர் என்று தெரியவந்தது. ஆகவே 'தளப்பெயர்ப்பும் பேணலும்' என்று சேர்த்தே எழுதுங்கள்.

அந்த வரியில் இருந்த 'இலவச' என்ற சொல்லும் பிழைதான். கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பார்த்து, திருத்தி, பகிரக்கூடியது, என்றிருக்க வேண்டும். இலவசம் என்று வாசித்தவருக்கு, அந்த மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேட்கவே தோன்றாது.

இரண்டு சொல்லையும் பேனையால் வெட்டித் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வகுப்புக்கும் பழைய தாளையே கொப்பி எடுத்திருக்கிறார்கள்.