தோல் ஜாக்கெட்டில் அந்துப்பூச்சிக்கு என்ன வேலை?

மாதக்கணக்கில் அலமாரியில் தொங்கிய தோல் ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் ஓட்டை. பூச்சி தோலையே தின்றுவிட்டது என்று பதறிவிடுகிறோம். உள்ளே திருப்பிப் பாருங்கள், ஓட்டை பெரும்பாலும் கம்பளி லைனிங்கிலோ காலரில் தைத்த ரோமத்திலோதான் இருக்கும்.

பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். தின்பது அதன் புழு. வெண்ணெய் நிறம், பழுப்புத் தலை, முழுதாக வளர்ந்தால் ஏறக்குறைய 1 செ.மீ. நீளம். கம்பளி, ரோமம், இறகு எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் மற்ற உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது செரிக்காது. இந்தப் புழுவின் குடலோ கடும் காரத்தன்மை கொண்டது, அங்கே அந்தப் பிணைப்புகள் அறுந்துவிடும், அப்புறம் நொதிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தோல் கொலாஜன் என்ற வேறொரு புரதத்தால் ஆனது. பதனிடும்போது குரோமிய உப்போ மரப்பட்டையின் துவர்ப்புப் பொருளோ அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது, அதனால் புழு அதை அவ்வளவாகச் சீண்டாது.

ரோமத்தைத் தின்றே வளரும் புழுவுக்கும் உப்பும் வைட்டமினும் வேண்டும். அவை கிடைப்பது நம் வியர்வையிலும் சாப்பாட்டுக் கறையிலும்! கழுத்துப்பட்டையும் அக்குளும் முதலில் அரிபடுவது இதனால்தான். ஆகவே, எடுத்து வைக்கும் முன் லைனிங்கைச் சுத்தம் செய்து நன்றாக உலர்த்துவதுதான் நான் முதலில் சொல்வது.

அந்துருண்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். திறந்து மூடும் அலமாரியில் அந்த ஆவி நம் மூச்சுக்குள் போகும், நாற்றம் தோலில் ஊறிவிடும். பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் போட்டு வைத்தாலும் ஈரம் அடைபட்டுத் தோலில் பூஞ்சை பிடிக்கும். நெருக்கமாக நெய்த பருத்திப் பை போதும், வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

சரி, புழு ஏற்கெனவே இருந்தால்? ஜாக்கெட்டை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத பையில் போட்டு, −18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள், அறையின் வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தோலின்மேல் நீர் கோத்துவிடும். சூடுகாட்டிக் கொல்ல நினைக்க வேண்டாம், தோல் சுருங்கி விறைத்துவிடும்.

அவ்வப்போது டார்ச் அடித்துக் காலரின் அடியில் பாருங்கள். பட்டு நூல் போன்ற மெல்லிய கூடும், மணல் போன்ற எச்சமும் தெரியும். அந்த எச்சம் பல நேரம் தின்ற கம்பளியின் சாய நிறத்திலேயே இருக்கும், நீலக் கம்பளி என்றால் நீல மணல். தூசி என்று தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.